மைசூரா, சென்னையா, கடல் கடந்தா: மலையிலிருந்து பார்க்கும்போது

பேச்சு, மொழிக் குறைபாடுகளைக் கண்டறிந்து சிகிச்சை தரும் துறையான பேச்சு–மொழி நோயியலின் இளநிலைப் படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி.யை, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டுகளில் முடித்துவிட்டு, இரண்டாண்டு முதுநிலைக்கு எங்கே சேரலாம் என்று கேட்டுக் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து மாணவர்கள், நீலகிரியில் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கும் என்னிடம் வருவதுண்டு. படித்து முடித்தபின் யாருடைய பேச்சைக் கேட்கப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். கட்டணமும் தரவரிசையும் அதற்குப் பிறகுதான்.

மைசூர் மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குவதால், தனியார் கல்லூரிகளைவிட அங்கே செலவு மிகக் குறைவு. ஆனால் நாடு முழுவதிலுமிருந்து வருபவர்களோடு நுழைவுத் தேர்வில் போட்டியிட வேண்டும். பேச்சு–மொழி நோயியலும் செவியியலும் அங்கே தனித்தனி முதுநிலைப் படிப்புகள். செவிப்புலன் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிறிய ஊரில் பிழைப்பு ஓடும் என்று நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும். ஊட்டியிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியாகச் சில மணி நேரப் பயணம்தான் என்றாலும், காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும் என்பதால் நினைத்த நேரத்தில் வீடு திரும்ப முடியாது.

சென்னையில், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற பெரிய மருத்துவமனையோடு இணைந்த துறைகளில், உதடு, அண்ணப் பிளவுடன் பிறந்த குழந்தைக்கு அறுவை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் ஒரே இடத்தில் சேர்ந்து சிகிச்சை திட்டமிடுவதை அருகிலிருந்து பார்க்கலாம். பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழந்தவர்களிடம் தமிழிலேயே பேசிப் பழகும் வாய்ப்பும் அங்கே தாராளம். மேட்டுப்பாளையத்தில் ரயிலேறினால் விடியும்போது சென்னை. கட்டணம்தான் கையைக் கடிக்கும்.

கோயம்புத்தூர்க்காரனான நான் படித்தது சென்னையில். அந்தப் படிப்பின் குறை, இங்கே வந்த முதல் ஆண்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது நீலகிரியின் படுகர் மக்களின் ஊரிலிருந்து, வந்த நான்கு வயதுச் சிறுமி, பால் படத்தைக் காட்டியதும் 'ஹாலு' என்றாள்; பல்லைக் காட்டியதும் 'ஹல்லு' என்றாள். சொல்லின் முதலில் பகரத்துக்கு மாற்றாக ஹகரம் என்று குறித்துக்கொண்டு, பயிற்சித் திட்டம் எழுதவே தொடங்கிவிட்டேன். "அவ சரியாத்தானுங்க சொல்றா, எங்க பேச்சுல அது ஹாலுதான்" என்றார் உடன் வந்திருந்த பாட்டி. தமிழின் பட்டி படுகர்களின் பேச்சில் ஹட்டி ஆவதை ஊர்ப் பலகைகளில் தினமும் படித்துக்கொண்டிருந்தவன், பரிசோதனை மேசையில் அதை மறந்துபோனேன். கன்னட நோயாளிகளிடம் பழகிய மைசூர் மாணவருக்கு ஹாலும் ஹல்லும் அன்றாடச் சொற்கள். இந்தத் தவறு அவருக்கு நேர்ந்திருக்காது.

ஆனால் தமிழ் பேசும் குழந்தைகளும் வரும் இங்கே, மைசூரில் பழகிய காதும் முழுக்கப் போதாது. 'பழம்' என்பதைப் பல ஊர்களில் பெரியவர்களே 'பளம்' என்கிறார்கள் என்பதை அறியாமல், எழுத்தில் இருப்பதுதான் சரி என்று எண்ணிக் குழந்தையை ழகரத்தில் மாதக்கணக்கில் வாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மலையின் பழங்குடிகளான தோடர், கோத்தர் ஆகியோரின் மொழிகளுக்கோ எந்த நகரத்து மருத்துவமனையும் நம்மைத் தயார்ப்படுத்துவதில்லை.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அங்கே தொழில் சான்றிதழுக்கு, 25 மணி நேரப் பார்வையிடலையும் சேர்த்து 400 மணி நேர மருத்துவப் பயிற்சியும், பட்டத்துக்குப் பிறகு குறைந்தது 36 வாரங்களில் 1,260 மணி நேர மேற்பார்வைப் பணியும், தனித் தேர்வும் வேண்டும். ஒழுங்கு பாராட்டத்தக்கது, ஆனால் அந்த நேரமெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுபவர்களோடு கழியும். அங்கேயே தங்க நினைப்பவர்களுக்கு அது பொருந்தும். ஊர் திரும்ப நினைப்பவர், கடனை அடைக்கும் வருமானம் மலையில் கிடைக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நீலகிரியிலேயே குழந்தைகளோடு வேலை செய்யப் போகிறவருக்கு, இடம் கிடைத்தால், மைசூரைத்தான் சொல்வேன். அண்ணப் பிளவிலோ பெரியவர்களின் மறுவாழ்விலோ நாட்டமுள்ளவர் சென்னைக்குப் போகட்டும். எங்கே சேர்வதானாலும், கட்டணம் கட்டுவதற்கு முன் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, அவருடைய பயிற்சிப் பதிவேட்டில் உள்ள மணி நேரங்களில் எத்தனை எந்த மொழியில் கழிந்தன என்று கேளுங்கள்.