அரைவயிறு: ஒன்றரை வருடம் தாண்டிய பயன்பாட்டு அனுபவம்

திருமங்கலத்து நண்பன் கேட்டிருந்தான்: "மாப்ளே, அந்த எடை கொறைக்கிற ஊசி வெல எறங்கிருச்சாம்ல. அதப் போட்டுக்கவா, இல்ல ஒன்னய மாதிரி அரைவயித்தோட கெடக்கவா?" ஊசி நான் போட்டதில்லை. அரைவயிற்றைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம். ஒன்றரை வருடத்துக்கு மேலாக அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அடிப்படை விவரங்களை விட்டுவிடுகிறேன். செலவாவதைவிடக் குறைவாக உள்ளே போனால் எடை இறங்கும். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. எண்ணெய் கிராமுக்கு 9, மாவுச்சத்தும் புரதமும் 4. இதெல்லாம் இப்போது யாருக்கும் தெரியும். எனக்கு வேலை செய்ததா என்றால், செய்தது. எண்பத்தெட்டுக் கிலோவில் இருந்தவன் எழுபத்தைந்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறேன். கிட்டங்கி மாடிப்படி ஏறினால் முட்டி வலிப்பதில்லை. குனிந்து செருப்பு மாட்டும்போது மூச்சு முட்டுவதில்லை. அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புகார் ஒன்றே ஒன்றுதான். ஆரம்பித்தபோது ஆளாளுக்குச் சொன்னார்கள்: "மொதக் கொஞ்ச நாளு கஷ்டமா இருக்கும், போகப் போகப் பழகிரும்." காசு வாங்கிக்கொண்டு சாப்பாட்டு அட்டவணை எழுதிக் கொடுத்த உடற்பயிற்சிக் கூடத்துத் தம்பியும் இதையேதான் சொன்னார். பசி பழகவில்லை. சரியாகச் சொன்னால், பாதி பழகியது. மீதிப் பாதி பழகவே இல்லை. அந்த மீதியைப் பற்றி ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

பழகிய பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் நியாயம். இரவுச் சாப்பாட்டை ஒன்பதரையிலிருந்து ஏழரைக்குக் கொண்டுவந்தேன். முதலில் ஒன்பதரை அடித்ததும் வயிறு கபகபவென்று எரியும். சில வாரங்களில் அந்த ஒன்பதரைப் பசி காணாமல் போய், ஏழு மணிக்கு வர ஆரம்பித்தது. இதற்குக் காரணம் இருக்கிறது. இரைப்பையில் கிரெலின் என்று பசியைத் தூண்டும் ஒரு ஹார்மோன் சுரக்கிறது. 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பு அது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். நம் கடைக்கு வசூலுக்கு வரும் ஆள் மாதிரிதான். நேரத்துக்கு வந்து நிற்பார், "நாளைக்குப் பார்க்கலாம் அண்ணாச்சி" என்றால் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார். இது தெரிந்த பிறகு எனக்குப் பயம் போனது. பசி ஏறிக்கொண்டே போய் ஆளைச் சாய்த்துவிடும் என்றுதான் அதுவரை நினைப்பு. அப்படி இல்லை. இருபது நிமிடம், அரை மணி நேரம் வேறு வேலையில் தலையைக் கொடுத்தால் அது பாட்டுக்கு அடங்குகிறது.

அடங்காத ஒன்று, மாலை ஐந்தரைப் பசி.

எனக்குக் கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு வேலை. ஐந்தரைக்குள் வெளியூர் லோடுக்கான பில் எல்லாம் போட்டு முடித்திருப்பேன். அப்போதுதான் டீக்கடைப் பையன் தூக்கோடு வருவான். முதலாளி செலவில் ஆளுக்கு ஒரு டீ, இரண்டு உளுந்தவடை. சட்டியிலிருந்து அப்படியே எடுத்து நியூஸ் பேப்பரில் கட்டியிருப்பான். பொட்டலத்தை என் மேஜை ஓரத்தில்தான் வைப்பான், இடம் அங்கேதான் இருக்கிறது. பேப்பரில் எண்ணெய் முதலில் ஒரு பொட்டாகத் தெரியும். அப்புறம் எழுத்துகளுக்குள் பரவி, பின்பக்கத்து விளம்பரம் முன்பக்கம் தெரிகிற அளவுக்குப் பேப்பர் கண்ணாடியாகிவிடும். மிளகும் கறிவேப்பிலையும் கலந்த வாசனை, பக்கத்து மூடைகளின் மல்லி, வத்தல் வாசனையை எல்லாம் தள்ளிவிட்டு மூக்குக்கு வந்துவிடும். லோடுமேன் அண்ணன் ஒருவர் வடையைப் பிய்த்து டீயில் நனைத்துச் சாப்பிடுவார். அதையும் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்தப் பசி அரை மணி நேரத்தில் போவதில்லை. கடை சாத்தி, வண்டியை எடுத்து, யானைக்கல் தாண்டி, செல்லூரில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் வரை கூடவே வருகிறது. அதுவும் வெறும் வயிற்றுப் பசி அல்ல. எரிச்சல், கோபம் எல்லாம் சேர்ந்து வரும். அந்த நேரத்தில் போன் பண்ணிப் பாக்கி கேட்ட எத்தனையோ பேரிடம் நான் பேசிய பேச்சை என் வீட்டில் யாரும் கேட்காமல் இருப்பது நல்லது.

இதற்கு என்னென்னவோ செய்து பார்த்தேன். தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும், பசி அப்படியே இருக்கும். மோர் பரவாயில்லை, ஆனால் கால் மணி நேரம்தான் தாங்கும். கிரீன் டீயைப் பற்றிப் பேச வேண்டாம். பாதாம் பிசினை ஊற வைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். கடுகளவு போட்டால் கிண்ணம் நிறைய ஊதி நிற்கும். பார்க்க ஆச்சரியம்தான், ஆனால் பாலும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் இல்லாத ஜிகர்தண்டாவைத் தின்னுவதற்கு எனக்கு என்ன தலையெழுத்து? "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லாத உறவினர் இல்லை. கொள்ளு ரசம் கொழுப்பைக் கரைக்கும் என்று ஒரு பேச்சு. ரசம் ஒன்றையும் கரைக்கவில்லை. ஆனால் கொள்ளையே அவித்துச் சுண்டலாகச் சாப்பிட்டால் நின்று தாங்குகிறது. புரதமும் நாரும் இருக்கிறது, மென்று முடிக்கவும் நேரமாகிறது. கறுப்புக் கொண்டைக்கடலையும் அப்படியே. பருப்பு மூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாள் ஆனதா என்று வீட்டம்மா கேட்டாள். கேட்கத்தான் செய்வாள்.

ஆனால் என்னை அசர வைத்தது சுண்டல் இல்லை. உருளைக்கிழங்கு.

அட்டவணைத் தம்பி முதல் நாளே சிவப்பு மையில் அடித்த பொருள் அது. சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995இல் ஒரு சோதனை செய்தார்கள். 38 வகை உணவுகள். ஒவ்வொன்றிலும் சரியாக 240 கலோரி அளவு கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பசி அடங்கியிருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டால், வெண்ணெய் போட்டுச் செய்யும் குவாசான் என்ற பலகாரத்துக்கு 47. அவித்த உருளைக்கிழங்குக்கு 323. பட்டியலில் முதல் இடமே அதற்குத்தான். கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர். 240 கலோரிக்கு ஏறத்தாழ கால் கிலோவுக்கு மேல் அவித்த கிழங்கு சாப்பிட வேண்டும். யாரால் முடியும்?

நான் செய்வது இவ்வளவுதான். காலையில் குக்கரில் இரண்டு நடுத்தரக் கிழங்கைத் தோலோடு அவித்துத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவேன். ஐந்தேகாலுக்கு, டீக்கடைப் பையன் வருவதற்கு முன்பே, தோலை உரித்து, கல்லுப்பும் மிளகும் நுணுக்கி வைத்ததைத் தொட்டு, சீரகம் இருந்தால் ஒரு சிட்டிகை போட்டு, மெதுவாகச் சாப்பிடுவேன். ஆறிப்போன கிழங்கு தொண்டையில் மாவாக அடைக்கும், அதனால் நடுவில் ஒரு வாய் மோர். பத்து நிமிட வேலை. வடைப் பொட்டலம் வரும்போது வாசனை தெரிகிறது, கை போகவில்லை. முதல் தடவை இது நடந்தபோது பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அம்மாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. "கெழங்கத் தின்னா வாயுடா" என்று இன்றைக்கும் சொல்கிறார். வாயு உண்மைதான், அது என் கணக்கில் கிழங்கைவிடச் சுண்டலுக்குத்தான் அதிகம். எப்படியும் கடையில் ஃபேன் சத்தம் பெரிது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அதே கிழங்கு எண்ணெய்ச் சட்டிக்குள் இறங்கினால் கதை வேறு. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கிழங்கு வறுவலைச் சாப்பிட்டுவிட்டு, அண்ணன் எழுதினார் என்று என்னிடம் வரக்கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் கிழங்கை நான் சொல்லவில்லை, அதற்குக் கீழே வருகிறேன்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எங்கள் தெருமுனைக் கடையில் இரவு பன்னிரண்டு வரை கல்லில் முட்டை உடையும் சத்தம் கேட்கும். 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்தார்கள். கிரெலின் 28 சதவீதம் ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. என் அனுபவத்திலும் சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்க விடிய விடிய ஆற்றங்கரையில் நின்ற மறுநாள், கிழங்கும் ஒன்றும் செய்யவில்லை, சுண்டலும் ஒன்றும் செய்யவில்லை. கண்ணில் பட்டதை எல்லாம் தின்றேன். அன்றைக்குப் பந்தலுக்குப் பந்தல் பானகமும் புளியோதரையும் கொடுத்தவர்களைக் குறை சொல்ல முடியுமா?

விருந்துகள் தனித் தொல்லை. பாண்டி கோவிலில் கிடாவெட்டு என்றால், இலையில் உட்கார்ந்தவன் அரைவயிறு என்று சொன்னால் கூப்பிட்டவருக்கு அவமானம். "என்னங்க கொழுந்தனாரே, எங்க வீட்டுச் சோறு பிடிக்கலையா?" என்று அத்தாச்சி கரண்டியோடு நிற்கும்போது கலோரிக் கணக்குப் பேச நமக்கு வாய் வராது. சாப்பிட்டுவிடுவதுதான் மரியாதை. இதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வருத்தம் அதற்கடுத்த கேள்வியில். "என்ன இப்பிடி எளச்சுப் போயிட்டீக, சுகரா?" மெனக்கெட்டு இறக்கிய பதின்மூன்று கிலோவுக்கு ஊரில் கிடைக்கும் பாராட்டு இதுதான்.

சரி, பழகாத பாதிக்கு வருகிறேன். இவ்வளவும் செய்தும் ஐந்தரைப் பசி போய்விடவில்லை. கிழங்கு அதைத் தள்ளிப் போடுகிறது, அவ்வளவுதான். போன வருடத்தைவிட இப்போது அதிகமாகப் பசிக்கிற மாதிரிகூட இருக்கிறது. மனப்பிரமை என்று நினைத்தேன். இல்லையாம். 2011இல் மெல்போர்னில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குறைந்த கலோரி உணவில் பத்து வாரம் இருந்து எடை இறக்கியவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் கிரெலின் பழைய நிலைக்கு இறங்கவில்லை, லெப்டின் ஏறவில்லை, பசி ஆரம்பத்தில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. உடம்பு போன எடையைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இது மனவுறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. அப்படியிருக்க "பழகிரும், பழகிரும்" என்று எதற்குச் சொன்னார்கள்? "பழகாது, ஆனால் சமாளிக்கலாம்" என்று சொல்லியிருந்தால் ஆறு மாதம் என்னிடமே குறை இருக்கிறது என்று நினைத்துக் குமைந்திருக்க மாட்டேன். அட்டவணைக்குக் கொடுத்த காசு வயிற்றெரிச்சல்தான்.

இப்போது ஊசி. மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, வீகோவி அதே ஆண்டு ஜூனில். சாப்பிட்டதும் குடலில் சுரந்து "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனின் வேலையை இந்த மருந்துகள் செய்கின்றன, இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகின்றன. அதாவது நான் கிழங்கை வைத்து மல்லுக்கட்டும் இடத்திலேயே போய் நிற்கின்றன. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் என்று அதற்கும் தொல்லைகள் உண்டு. வீகோவியில் உள்ள செமாக்ளுடைடை நிறுத்தியவர்கள், இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டில் திரும்ப ஏற்றிக்கொண்டதாக 2022இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆக, விட்டால் திரும்பும் என்பதில் ஊசியும் அரைவயிறும் ஒன்றுதான்.

மாப்ளே, உனக்கு ஏற்கெனவே சுகர் மாத்திரை ஓடுகிறது. அதில் இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளைமிபிரைடு மாதிரி ஏதாவது இருந்தால், மாத்திரையை அப்படியே போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். கை நடுங்கி, வேர்த்து, தலை கிறுகிறுத்தால் அது நான் சொன்ன அரை மணி நேரத்தில் அடங்கும் பசி இல்லை. உடனே இனிப்பாக ஏதாவது வாயில் போட வேண்டும். எதை ஆரம்பித்தாலும் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பி. அவர் ஊசிதான் என்றால் வீம்புக்கு என் வழிக்கு வராதே.

மற்றபடி அரைவயிற்றை உனக்குப் பரிந்துரைப்பேனா? காலையில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நாலு நட்சத்திரம் கொடுத்திருப்பேன், முட்டி வலி போனதற்கே கொடுக்கலாம். இப்போது மணி ஐந்தே முக்கால், இன்றைக்குப் பார்த்து அவசரத்தில் தூக்குச்சட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு நட்சத்திரம். கிழங்குக்கு மட்டும் தனியாக ஐந்து.