கறுப்பு எஃகா, எவர்சில்வரா? போன்சாய் கட்டர் வாங்கும் முன்

மரத்தைத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய்க்குக் கருவி வாங்கப் போனால், கிளை வெட்டும் ஒரே கட்டர் இரண்டு நிறத்தில் கிடைக்கும். ஒன்று கறுப்பு, கார்பன் எஃகு. இன்னொன்று வீட்டு எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளக்கும். ஒரே கம்பெனி, ஒரே அளவு என்றால் பளபளப்புக்கு விலை கூட. திருவான்மியூரில், கடல் காற்று நேராக வந்து அடிக்கிற மொட்டை மாடியில் மரம் வளர்ப்பவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது, துருப்பிடிக்காததை வாங்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இப்போது என்னிடம் இரண்டும் இருக்கின்றன. பதில் அவ்வளவு லேசாக வரவில்லை.

அதற்கு முன், இந்தத் தனிக் கட்டர் தேவைதானா? நர்சரியில் கிடைக்கும் சாதாரண செகட்டரால், அதாவது செடி வெட்டும் கத்தரியால், கிளையை வெட்டினால் தண்டை ஒட்டி ஒரு சின்னக் கட்டை நிற்கும். எவ்வளவு ஒட்டி வெட்டினாலும் கொஞ்சம் துருத்தும். அதைச் சுற்றித் திசு வளர்ந்து மூடும்போது மரத்தில் ஒரு முண்டு விழுந்துவிடும். போன்சாய்க்கான இந்தத் தனிக் கட்டருக்குக் கான்கேவ் கட்டர் என்று பெயர், அதன் வாய் உள்பக்கம் வளைந்தது. கிளையின் அடியில் லேசாகக் குழித்து எடுக்கும். குழி மெல்ல நிரம்பி, தண்டோடு சமமாக ஆறும். என் புளிய மரத்தில் ஒரே வருடம் இரண்டு விதமாகவும் வெட்டினேன். செகட்டர் போன இடத்தை இன்றும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம். மற்றதைக் கண்ணால் பார்த்தாலும் சட்டென்று தெரியாது. காகிதப்பூவின் நுனிக்குச்சிகளைக் கிள்ளுவது மட்டும்தான் வேலை என்றால் செகட்டரே போதும். அதிலும் ஒரு அலகு இன்னொன்றை உரசிக்கொண்டு போகிற வகையை வாங்குங்கள். தட்டையான பலகைமேல் வந்து அழுத்துகிற வகை தண்டை நசுக்கும்.

கட்டர் வாங்குவதானால் 200 மி.மீ. நீளம் ஒன்று போதும். வாயின் அகலத்தில் பாதிக்கு மேல் தடித்த கிளையை அதில் கொடுக்காதீர்கள். முதலில் ரம்பத்தால் அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுக்கலாம்.

சரி, நிறத்துக்கு வருவோம். எவர்சில்வருக்குத் துரு பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் குரோமியம். குறைந்தது 10.5 சதவீதமாவது கலந்திருக்கும். அது காற்றோடு சேர்ந்து மேலே மெல்லிய படலமாகி எஃகைக் காக்கிறது. கார்பன் எஃகுக்கு அந்தச் சட்டை கிடையாது. ஆனால் நல்ல கூர் சுலபமாக ஏறும், மழுங்கினால் வீட்டிலேயே கல்லில் தீட்டிக்கொள்ளலாம். எவர்சில்வரைத் தீட்டப் பொறுமை வேண்டும். இன்னொன்று, கடலோரத்தில் எவர்சில்வரும் முழுக்கத் தப்பிக்காது. உப்பு அந்தப் படலத்தை ஊசிமுனையளவு துளைத்தால் அங்கங்கே குழி விழும்.

கறுப்பு கட்டருக்கு நான் செய்த அநியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழைக்கு முந்தைய மாலை, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அதைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். மறுநாள் மதியம்தான் நினைவு வந்தது. வாய் முழுக்க ஆரஞ்சுத் தூள், ஆணி இறுகித் திறக்கவே இல்லை. எண்ணெயில் ஊறவைத்து, துருவைத் தேய்த்து எடுக்கும் ரப்பரால் தேய்த்து மீட்டேன். புள்ளிகள் மட்டும் போகவில்லை.

இத்தனைக்குப் பிறகும் என் தேர்வு: கத்தரிக்கோல் எவர்சில்வர், கட்டர் கறுப்பு. கத்தரிக்கோல் தினமும் கையில் இருப்பது, ஈரத்தில் புழங்குவது. இச்சி, அத்தி வகைகளை வெட்டும்போது பால் வடிந்து அலகில் பசையாக ஒட்டும். துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நோயுள்ள மரத்திலிருந்து நல்ல மரத்துக்குப் போகும்போது 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்கவும் வேண்டும். (பிளீச்சிங் திரவம் வேண்டாம். அது கறுப்பையும் அரிக்கும், எவர்சில்வரையும் விடாது.) இத்தனை நனைதலை கார்பன் எஃகு தாங்காது. கட்டர் அப்படியில்லை, மாதத்துக்கு ஒரு முறை வெளியே வந்தால் அதிகம். துடைத்து எண்ணெய் தடவி உள்ளே வைத்துவிடலாம். விலையும் குறைவு, புளி போன்ற கெட்டி மரத்தில் கூரும் நிற்கிறது.

எந்த எண்ணெய்? ஜப்பானில் கமேலியா விதை எண்ணெய் தடவுகிறார்கள். இங்கே தையல் மெஷின் எண்ணெய் அதே வேலையைச் செய்கிறது. நல்லெண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும்.

தீட்டுவதில் ஒரே ஒரு எச்சரிக்கை. தெருவில் சாணை பிடிப்பவர் வந்தால் அரிவாள்மனையைக் கொடுங்கள், கட்டரைக் கொடுக்காதீர்கள். கான்கேவ் கட்டரில் ஒரு அலகு மற்றதன்மேல் மயிரிழை ஏறி உட்கார வேண்டும். சக்கரம் அதைத் தின்றுவிடும். சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் எஃகின் பதமும் போய்விட்டது என்று அர்த்தம். கத்தரிக்கோலை 1000 எண் நீர்க்கல்லில் (தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்), வெளிப்பக்கச் சரிவில் மட்டும் நாலு இழுப்பு. உள்பக்கத் தட்டையைத் தேய்த்தால் அலகுகளுக்கு நடுவே இடைவெளி வந்து, இலை வெட்டுப்படாமல் மடங்கும்.

கிளையைச் சுற்றி வளைத்து உருக்கொடுக்கிற கம்பியில் எனக்குக் குழப்பமே இல்லை, அலுமினியம்தான். செம்பு இன்னும் மெல்லிய கம்பியிலேயே கிளையைப் பிடித்து நிறுத்தும். ஆனால் ஒருமுறை வளைத்தால் இறுகிவிடும், மறுபடி நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். கம்பியைக் கழற்ற மட்டும் நுனிவரை வெட்டும் கம்பி கட்டர் தனியாக வாங்குங்கள். ஹார்டுவேர் கடை கட்டிங் பிளேயரின் மூக்கு பட்டையில் குத்தும். அவசரத்துக்குக் கான்கேவ் கட்டரால் கம்பியை வெட்டியவர்களில் நானும் ஒருவன். அதனால் விழுந்த பள்ளம் இன்னும் அலகில் இருக்கிறது.

வேர் பிரிக்கும் கொக்கிக்குப் பதில் மூங்கில் குச்சி, தூரிகைக்குப் பதில் பழைய பல் பிரஷ். இதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டாம். சுருட்டி வைக்கிற உறையோடு வருகிற பத்து, பன்னிரண்டு உருப்படி செட்டும் வேண்டாம். ஆசைப்பட்டு நான் ஒன்று வாங்கினேன், புழங்குவது மூன்றைத்தான். கிளையின் பட்டையை உரித்து, அதைப் பட்டுப்போன கொம்பு மாதிரி ஆக்குகிற ஜின் பிளேயர் அதில் இருந்தது. என் மரங்களில் பாதிக்கு மேல் இச்சி. அதன் செத்த மரம் நம் ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும். பிளேயர் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது.