ஒரேகானின் பிக் டென், ஸ்டான்ஃபோர்டின் ஏசிசி

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடும், ஒளிபரப்பு வருவாயைப் பகிர்ந்துகொள்ளும். 2023இல் மேற்குக் கரையின் பேக்-12 கூட்டமைப்பு உடைந்தபோது, அதிலிருந்த ஒரேகான் பல்கலைக்கழகம் பிக் டென் கூட்டமைப்புக்குப் போனது, ஸ்டான்ஃபோர்டு ஏசிசி கூட்டமைப்புக்கு. இரண்டுக்குமே அந்த வருவாயில் முழுப் பங்கு கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரேகானுக்கு ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டாலர். ஸ்டான்ஃபோர்டுக்கோ முதல் 7 ஆண்டுகள் வழக்கமான தொலைக்காட்சிப் பங்கில் 30 சதவீதம்தான்.

புதிய எதிரணிகள் பெரும்பாலும் நாட்டின் மறுபக்கத்தில் இருப்பதால், பயணத்தில் இருவருக்கும் ஒரே கதி. கால்பந்து அணி சமாளித்துவிடும், அடிக்கடி ஆடும் வாலிபால் மாணவிகள்தான் பாவம்.

கால்பந்துக் களத்தில்? 2024இல் ஒரேகான் தோல்வியே இல்லாமல் பிக் டென் பட்டம் வென்றது. ஸ்டான்ஃபோர்டு 3 வெற்றி, 9 தோல்வி. சரி, அன்று அதற்கு வேறு நல்ல கதவும் திறக்கவில்லை.

அடுத்த இடமாற்றம் 2030ஐ ஒட்டி வரும் என்பது என் கணிப்பு. பிக் டென்னின் ஒளிபரப்பு ஒப்பந்தம் அப்போது முடிகிறது; ஏசிசியை விட்டு விலகும் கட்டணமும் 7.5 கோடி டாலராக இறங்கியிருக்கும்.