"மறுகா?" – வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு எழுத்துத் துணை தேடிய மூன்றரை வருடம்

போன மாதம் களுவாஞ்சிகுடியில் ஒரு கலியாண வீடு. சாப்பாட்டுக்கு இருந்த இடத்தில் பக்கத்துக் கதிரை அக்கா கேட்டார்: "பிள்ளைகள வீட்டிலயே வச்சுப் படிப்பிக்கிறீங்களாமே, கணக்கு விஞ்ஞானமெல்லாம் சரி, கட்டுரை ஆரு பாக்கிற?" வழக்கமாக வருகிற கேள்விகள் வேறு, பிள்ளைக்குக் கூட்டாளிமார் இல்லையா, சோதனை எழுத விடுவார்களா என்றுதான் கேட்பார்கள். இந்த அக்காதான் சரியான இடத்தில் கை வைத்தார். கணக்குக்கு விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. கட்டுரைக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடி நான் அலைந்ததை அவருக்கு முழுதாகச் சொல்ல முடியவில்லை, அதற்குள் பாயாசம் வந்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு இலங்கையின் மட்டக்களப்பில், கல்லடியில். மகளுக்கு இப்போது 15 வயது, மகனுக்கு 11. 2022 இல், பெற்றோல் வரிசைக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தபோது வீட்டில் நின்ற மகள், பிறகு பள்ளிக்கூட வாசல் என்றாலே வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொல்லத் தொடங்கினாள். அது தனிக் கதை, விடுகிறேன். ஒரு வருடம் கழித்துத் தம்பியும் நின்றான். இந்த நாட்டில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். அன்று எனக்குக் கைகொடுத்தது, திகதி போட்டு அடுக்கி வைத்திருந்த மகளின் எழுத்துக் கோப்புதான். என் விளக்கங்களைக் கேட்டதைவிட அந்தத் தாள்களைப் புரட்டியதில்தான் அவர் முகம் இளகியது. வீட்டில் படிப்பிக்கிறவர்கள் பிள்ளை எழுதிய ஒரு துண்டைக்கூட எறியாதீர்கள், கிறுக்கல் என்றாலும் சரி.

முதல் ஆறு மாதம் நானேதான் திருத்தினேன். அதைப்பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிவப்புப் பேனையும் கையுமாக இருந்து ர, ற, ல, ள, ண, ன, ஒற்று என்று ஒரே பக்கத்தில் முப்பத்தொரு வட்டம் போட்டேன், எண்ணியும் காட்டினேன். அதற்குப் பிறகு மூன்று கிழமை அவள் பேனையைத் தொடவில்லை. பகலில் சோறு போடுகிற அம்மாவே பின்னேரம் புள்ளி போடுகிறவளாகவும் இருந்தால் பிள்ளைக்கு ஒதுங்க ஒரு இடம் இல்லாமல் போகிறது. இது எனக்கு விளங்கவே ஆறு மாதம் எடுத்தது.

அடுத்தது ரியூசன். மாதம் 1500 ரூபாய், நாற்பது பிள்ளைகள், ஒலிவாங்கியில் பாடம். நியாயமாகச் சொன்னால் கடித அமைப்பு, சுருக்கம் எழுதுவது, இலக்கணக் கேள்விகளுக்கு விடை போடுவது எல்லாம் அங்கே நன்றாகவே பழகினாள். ஆனால் கட்டுரை என்று வந்தால் அச்சடித்த தாள் ஒன்று கொடுப்பார்கள், அதைப் பாடமாக்க வேண்டும். நான்கு மாதத்தில் என் மகளிடம் ஒரு மழைக்காலக் கட்டுரை, ஒரு நூலகக் கட்டுரை, ஒரு போதைப்பொருள் கட்டுரை இருந்தது, மூன்றும் வேறு யாரோ எழுதியவை. நிறுத்திவிட்டேன்.

பிறகு சூமில் ஒரு எழுத்து வகுப்பு, கடல் கடந்த இடத்திலிருந்து. ரீச்சர் அன்பானவர், பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் பேசுவார். ஆனால் மகள் "கதைத்தாள்" என்று எழுதிய இடமெல்லாம் "பேசினாள்" ஆகியது, "கொப்பி" போய் "நோட்டுப் புத்தகம்" வந்தது. ஒரு நாள் இரவு இவள் கேட்டாள், "அம்மா, நாம கதைக்கிறது பிழையா?" அந்த மாதத்தோடு அதுவும் முடிந்தது.

செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றையும் பார்த்தோம், அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. தம்பி தன் மாமாவோடு தூண்டில் போடப் போனதை ஒன்பது வரியில் எழுதியிருந்தான். திருத்தித் தா என்று கேட்டதும் தென்றல் தவழ்ந்தது, அலைகள் தாலாட்டின, கடைசியில் இயற்கையைப் பாதுகாப்போம் என்று ஒரு பத்தி வேறு. மாமா சேற்றில் செருப்பைத் தொலைத்தது மட்டும் காணாமல் போயிருந்தது. அந்த ஒன்பது வரியில் உயிர் இருந்ததே அந்தச் செருப்பில்தான். இப்போது போனை ஒரேயொரு வேலைக்குத்தான் எடுக்கிறோம். தம்பிக்குக் கை ஓடாது, வாய் ஓடும். ஆகவே அவன் சொல்லச் சொல்லப் போன் எழுதும், பிறகு அவன் அதைப் பார்த்துத் தன் கையால் கொப்பியில் எழுதுவான். போன் பிழையாகக் கேட்ட சொற்களைக் கண்டுபிடிப்பதில் அவனுக்குத் தனிச் சந்தோசம்.

சரி, கடைசியில் ஆள் கிடைத்த இடத்துக்கு வருகிறேன். நூலகம்தான். ஆனால் புத்தகத் தட்டில் இல்லை, பத்திரிகை வாசிக்கும் மேசையில். எந்த ஊர் நூலகத்திலும் காலைவேளையில் பத்திரிகைக்கு வருகிற முதியவர்கள் சிலர் இருப்பார்கள், அதில் ஒருவராவது ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார். உறுப்புரிமை அட்டை எடுக்கப் போனபோது நூலகரிடம் வாயை விட்டுக் கேட்டேன், "தமிழ் படிப்பிச்ச ஆரும் இஞ்ச வாறவையா?" அவர் நாடியாலேயே ஒரு மேசையைக் காட்டினார்.

அந்த மேசையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சருக்கு எழுபது தாண்டியிருந்தது. மகள் கொண்டுபோன முதல் எழுத்து, ரியூசனில் பாடமாக்கிய அதே மழைக்காலம்: கருமுகில் சூழ்ந்தது, பறவைகள் கூடு திரும்பின. ரீச்சர் இரண்டு வரி வாசித்துவிட்டுக் கொப்பியை மூடினார். "இந்தப் பறவைகள முப்பது வருசமாத் திருத்தியாச்சு புள்ள. மழைக்கு உங்கட வீட்ட என்ன நடந்த?" இவள் யோசித்து, குசினிப் படி வரை தண்ணீர் வந்ததையும் அப்பா குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே செங்கல் அடுக்கியதையும் சொன்னாள். அதை எழுது என்றார். மற்றச் சனிக்கிழமை ஏழு வரி எழுதிக்கொண்டு போனாள். கடைசி வரி, பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் "முகத்துவாரம் வெட்டியாச்சாமா?" என்று கேட்டது. (வெளியூர்க்காரருக்கு: கார்த்திகை, மார்கழி மழைக்கு எங்கள் வாவி நிரம்பிவிடும், கடலோடு சேரும் இடத்தில் அடைத்திருக்கும் மணலை வெட்டிவிட்டால்தான் வெள்ளம் வடியும், அதுவரை ஊரே இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.)

ரீச்சர் ஒரு பிழையும் திருத்தவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரே சொல் எழுதினார்: மறுகா?

மட்டக்களப்பில் "பிறகு" என்பதற்கு நாங்கள் சொல்லுகிற சொல். கதை கேட்கிற பிள்ளை அம்மம்மாவிடம் கேட்கிறதும் அதுதான். அடுத்த கிழமை மகள் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு மணிக்கொரு தரம் ரோச் அடித்துப் பார்த்தாளாம், வெட்டிய செய்தி வந்த பிறகும் நெடுநேரம் கோடு அசையவில்லையாம், விடியத்தான் இரண்டு விரல் இறங்கியிருந்ததாம். அந்தக் கோடு எங்கள் கதவில் இருப்பதே எனக்கு அதை வாசித்துத்தான் தெரியும்.

எழுத்துப்பிழைகளை அவர் விட்டுவிடவும் இல்லை. ஒரு தடவைக்கு ஒரே வகை. இந்த மாதம் ர, ற மட்டும், மற்றதெல்லாம் கண்ணில் படாத மாதிரி இருப்பார். ஒன்றரை வருடத்தில் பெரும்பாலானவை தானாகவே குறைந்தன. ஒற்று மட்டும் இன்னும் உதைக்கிறது, எனக்கும்தான்.

நான் விட்ட பிழை, காசு பேசாமல் தொடங்கியது. முதலில் வேண்டாம் என்றார், நானும் மீனும் தயிருமாகக் கொடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன். ஐந்தாம் மாதம் அவருக்கு ஒரு சனிக்கிழமை வர முடியாமல் போக, கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு முறைக்கு 500 ரூபாய் என்று பேசினோம். பேசியதும் இரண்டு பக்கமும் இலேசாகிவிட்டது. முதல் நாளே பேசிவிடுங்கள்.

மகனுக்கு ரீச்சர் சரிவரவில்லை. மேசைக்கு முன்னால் பத்து நிமிடம் இருக்கமாட்டான். அவனுக்கு வழி வந்தது வந்தாறுமூலைப் பக்கம் என் பெரியம்மா வீட்டில், லீவுக்குப் போனபோது. அங்கே வடமோடி என்ற வகைக் கூத்து ஒன்று பழக்கிக்கொண்டிருந்தார்கள். கூத்தில் ஆடுகிறவர்களுக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பார்கள், சட்டம் என்று சொல்வது, அதைக் கொடுக்கிறதே ஒரு சடங்குதான். ஒரு சட்டம் நனைந்து போயிருந்தது, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் இவனைக் கூப்பிட்டு மூலக் கொப்பியைப் பார்த்து எழுதச் சொன்னார். வீட்டில் அரைப்பக்கத்துக்குக் கை நோகுதென்று அழுகிறவன் பதினொரு பக்கம் எழுதினான், ஒரு எழுத்துப் பிழைத்தாலும் ஆடுகிற அண்ணா சபையில் பிழையாகப் பாடிவிடுவார் என்ற பயத்தில். இப்போது கொச்சகம் என்கிற கூத்துப் பாட்டு மாதிரி ஏதோ சொந்தமாகக் கட்டி எழுதுகிறான். தாளம் சரி, பொருள்தான் கொஞ்சம் தள்ளாடுகிறது.

நாலு பிள்ளைகளைச் சேர்த்து விறாந்தையில் ஒரு எழுத்து வட்டமும் நடத்தினேன், எங்கள் இருவரோடு ஆரையம்பதியில் இருந்து ஒருவன், காத்தான்குடியில் இருந்து ஒரு பிள்ளை. அவள் உம்மா, வாப்பா என்று எழுதுவதை இவர்கள் வாசித்து, இவர்கள் சொல்வதை அவள் கேட்டு, சண்டையும் சிரிப்புமாக எட்டு மாதம் நன்றாகப் போனது. பிறகு பள்ளிக்கூடம் போகிற ஆரையம்பதிப் பிள்ளைக்கு ரியூசன் கூடிப்போய் நின்றுவிட்டான். மூன்று பேரோடு மாதம் ஒருமுறை இழுபடுகிறது. இப்படியான வட்டம் தொடங்குகிறவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் எதிர்பார்க்காமல் தொடங்கினால் மனவருத்தம் குறைவு.

போட்டிகள் பற்றியும் கேட்பார்கள். தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பள்ளிக்கூடம் ஊடாகத்தான் போக வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இல்லை. மகளுக்கு அதில் இன்னும் கவலை இருக்கிறது, ஒளிப்பானேன். ஆனால் ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் நூலகங்கள் வைக்கும் போட்டிகளையும் பிரதேச செயலகத்தின் இலக்கியப் போட்டிகளையும் விசாரித்துப் பாருங்கள். படிவத்தில் "பாடசாலை" என்ற கட்டத்தைக் கண்டு நான் திரும்பி வரப் பார்த்தேன், அங்கிருந்த தங்கச்சி "வீட்டில் கற்பவர் எண்டு போடுங்க அக்கா" என்று பேனையை நீட்டினார்.

பதினோராம் வகுப்பு முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சைக்கு மகள், பள்ளிக்கூடம் ஊடாக இல்லாமல், தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத்தான் தோற்ற வேண்டும். அடையாள அட்டைக்குக் கிராம சேவகரிடம் நேரத்தோடு போங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதிபர் பார்க்கிற வேலையை நாம்தான் பார்க்க வேண்டும். கடந்த கால வினாத்தாள்களை வாங்கி மணிக்கூட்டை வைத்து எழுதப் பழக்குகிறோம், இதற்கு ரியூசன் தாள்களும் ஓரளவு உதவுகின்றன, ஏசினேன் என்றாலும் எறியவில்லை. ஆங்கிலத்தில் எழுதுவதைப் பார்க்கத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், காசு முதல் நாளே பேசுவேன்.

இந்த வருடம் ரீச்சருக்குக் கண்ணில் வெண்படல ஒப்பரேசன் நடந்தது. ஒரு மாதம் வாசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நிறுத்துவோமா என்று கேட்டேன், பிள்ளை வாசிக்கட்டும், நான் கேட்கிறேன் என்றார். வாய்விட்டு வாசிக்கும்போது மகளே இடையில் நின்று "இந்த வசனம் நீளம்" என்று வெட்டத் தொடங்கினாள். ஒப்பரேசன் ஆறி மாதக்கணக்காகிறது, கண்ணாடியும் வந்துவிட்டது, ஆனால் இருவரும் பழைய முறைக்குத் திரும்பவில்லை. சனிக்கிழமை காலையில் இவள் வாசிப்பாள், ரீச்சர் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். நித்திரையாக்கும் என்று நினைத்து இவள் நிறுத்தினால் சத்தம் வரும்: "மறுகா?"