எம்.டி. அனாட்டமியா, எம்.எஸ்சி. அனாட்டமியா?

களியக்காவிளையில் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் உடற்கூறியல் மேற்படிப்புக்கு யோசிக்கிறார்கள். அண்ணன் மகள் எம்.பி.பி.எஸ். முடித்தவள், பக்கத்து வீட்டுத் தம்பி பி.எஸ்சி. விலங்கியல்.

இரண்டுமே 3 வருடப் படிப்புதான். உள்ளே நடக்கும் வேலையும் பெரும்பாலும் ஒன்றே. ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தின் நெடியில் கண் எரிய, இறந்த உடலின் அக்குளுக்குள் கொழுப்பை ஃபோர்செப்ஸால் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, நூல் போன்ற நரம்புகளைப் பிரித்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் நரம்பு அறுந்துவிடும், அதை மறுபடி ஒட்டவா முடியும்? அப்புறம் ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய திசு ஸ்லைடுகள், கரு வளர்வதைப் படிக்கும் கருவியல், உடலைப் பதப்படுத்துவது. முதல் வாரம் கையால் சோறு உண்ணவே மனம் வராது.

வித்தியாசம் வாசலில்தான். எம்.டி.க்கு எம்.பி.பி.எஸ். முடித்து நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நோயாளிக்குச் சிகிச்சை தரும் கிளினிக்கல் பிரிவுகளுக்கு இருக்கிற அடிபிடி இங்கே இல்லை. பல இடங்கள் காலியாகவே கிடக்கும். முடித்தால் உதவிப் பேராசிரியர் வரிசைக்குப் போகலாம், சாயங்காலம் வீட்டில் நோயாளியும் பார்க்கலாம்.

எம்.எஸ்சி. படித்தவர் டாக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரியில் ட்யூட்டராக, அதாவது கீழ்நிலை ஆசிரியராகச் சேரலாம். மேலே ஏற பிஎச்.டி. வேண்டும். மருத்துவர் அல்லாத ஆசிரியர்களுக்கான பங்கை 2020-ல் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைத்ததும் நடந்தது. விதி இப்படி மாறும் என்பதால், கேரளத்துப் பாறசாலைப் பக்கம் போனாலும் நாகர்கோவில் பக்கம் போனாலும், சேரும் முன் அன்றைய விதியைப் பார்த்துவிட வேண்டும்.

அண்ணன் மகளுக்கு நான் தயங்காமல் எம்.டி. என்றேன். தம்பியிடம், "பிஎச்.டி. வரை பொறுமை இருந்தால் மட்டும் சேருடே" என்றேன்.