திருகோணமலை வெயிலுக்கு இன்ஸ்டாக்ஸ் வைட் 300, பாவிச்சுப் பாத்திட்டு எழுதுறன்

எடுத்த உடனயே படத்தைத் தாளில வெளிய தாற உடனடிக் கமராவில, இன்ஸ்டாக்ஸ் வாங்கலாமா போலரோயிட் வாங்கலாமா எண்டு கேக்கிற ஆக்களுக்கு என்ட பதில் இன்ஸ்டாக்ஸ் வைட், அதுவும் நீங்கள் திருகோணமலையில இருக்கிறீங்கள் எண்டா யோசிக்கவே வேணாம். காரணம் வெயில்தான். போலரோயிட் பிலிம் ஒழுங்கா வாறதுக்கு அந்தக் கொம்பனியே சொல்லுற வெப்பநிலை 13 பாகையில இருந்து 28 பாகை வரைக்கும், இங்க கச்சான் காத்து (தென்மேல் காத்து) அடிக்கிற மாசங்களில வீட்டுக்குள்ளயே அதை விடக் கூட, இன்ஸ்டாக்ஸுக்கு அது 5இல இருந்து 40 வரைக்கும் போகுது. போலரோயிட் கலர் படம் முழுசா வர 10, 15 நிமிசம் எடுக்கும், வெளிய வந்த உடனயே வெளிச்சம் படாம மறைச்சுப் போடோணும், இன்ஸ்டாக்ஸ் ஒண்டரை நிமிசத்தில வந்திடும். போலரோயிட்டின்ட அந்த மங்கல் நிறத்தில ஒரு அழகு இருக்கு, அதை நான் மறுக்கேல்ல, போலரோயிட்டை உருவாக்கின எட்வின் லேண்ட் 1947இல நியூயோர்க்கில உடனடிப் படத்தை முதன்முதலா காட்டினதில இருந்து எத்தினையோ பெரிய கலைஞர்கள் அதில வேலை செய்திருக்கினம், ஆனா எங்கட டச்சு பே கடற்கரை மணலில பத்து மணி வெயிலுக்கு நிக்கிறவனுக்கு அது சரிவராது.

சரி, கமராவுக்கு வாறன். வைட் 300 எண்டது 2014இல வந்த மொடல். ஆள் பெரிசு, ஒத்தைக் கையால பிடிச்சு எடுக்க ஏலாது, பென்டோர்ச் பெற்றி நாலு போடோணும், பாக்கிறதுக்கும் ஒரு ஸ்டைல் இல்லை. எண்டாலும் படம் வெளிய வந்தா அது 62க்கு 99 மில்லிமீற்றர், இன்ஸ்டாக்ஸின்ட சின்ன மொடல் மினியில அது 62க்கு 46 மட்டும்தான். இந்த வித்தியாசத்தைச் சின்னனா நினைக்காதேங்கோ. மினியில ஒரு முகம் கொள்ளும், அவ்வளவுதான். வைட்டில அந்த முகமும், அவர் நிக்கிற இடமும், அவரின்ட வள்ளமும், பின்னால காயப் போட்ட வலையும் கொள்ளும், ஒரு மனிசனை அவரின்ட ஊரோட சேத்து எடுக்கோணும் எண்டா இந்த அகலம் வேணும்.

லென்ஸ் எப் 14, அதாவது வெளிச்சம் உள்ள வாற ஓட்டை சின்னன், நிறைய வெளிச்சம் கேக்கும். பிலிம் ஐஎஸ்ஓ 800, வெளிச்சத்தைக் கெதியாப் பிடிக்கிற பிலிம் எண்டபடியா பகலில பிரச்சினை இல்லை, ஆனா வெளிச்சத்தை உள்ள விடுற ஷட்டர் ஒரு செக்கனில 64இல ஒரு பங்கை விட மெதுவாப் போகாது, பொழுதுபட்டா பிளாஷ் தானா அடிக்கும், அதை நிப்பாட்ட ஒரு வழியும் வைக்கேல்ல. அதால உள்துறைமுகத்தடியில பொழுது சாயிற நேரம் வானம் செம்மஞ்சளா மாறுறதை இதில பிடிக்கலாம் எண்டு கனவு காணாதேங்கோ, முன்னுக்கு நிக்கிறவரின்ட முகம் வெள்ளையாவும் பின்னால எல்லாம் இருட்டாவும்தான் வரும். இந்தக் கமராவின்ட நேரம் காலமை ஆறரையில இருந்து எட்டரை வரைக்கும், எங்கட கடல் கிழக்குப் பாத்த கடல், சூரியன் தண்ணிக்குள்ளால எழும்பி நேரா முகத்தில விழுகிற அந்த நேரத்து வெளிச்சத்துக்கு இந்த பிலிம் தாற தோல் நிறம் இருக்கே, போன் கமரா எதிலயும் நான் அதைக் காணேல்ல.

மத்தியானம் எடுத்தே ஆகோணும் எண்டா ரெண்டு விசயம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பட்டன் ஒண்டு இருக்கு, நிலாவெளி மாதிரி வெள்ளை மணலில அதை இருட்டுப் பக்கம் போடுங்கோ, இல்லாட்டி மணலும் வானமும் ஒண்டாக் கலந்து வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். ஆனா கடலையோ வானத்தையோ பின்னுக்கு வைச்சு ஆளை எடுக்கேக்க கமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கிற தானியங்கி மீட்டர் பின்னால இருக்கிற பிரகாசத்தைப் பாத்து ஏமாந்திடும், எங்கட கறுத்த முகங்கள் கரியாப் போயிடும், கண் எங்க மூக்கு எங்க எண்டு தெரியாது, அந்த நேரம் பகலெண்டு பாக்காம பிளாஷை வலிஞ்சு அடிக்கிற மோட்டில போட்டு எடுங்கோ. உடனடி பிலிம் எல்லாத்துக்குமே வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையில தாங்கிற தூரம் குறைவு, நெகடிவ் பிலிம் மாதிரி மன்னிக்காது.

நெகடிவ் எண்ட உடன ஒரு விசயம் ஞாபகம் வருது. எங்கட நாட்டில 1930களில லயனல் வென்ட் எண்ட புகைப்படக் கலைஞர் கொழும்பில இருந்து செய்த வேலைகளைப் பாத்தா அதில பாதிக் கலை இருட்டறைக்குள்ள நடந்தது, படத்தைக் கழுவேக்க நடுவில வெளிச்சம் காட்டிற சோலரைசேஷன், ஒண்டுக்கு மேல ஒண்டு சேத்த படங்கள், எடுத்த பிறகும் படத்தோட இருந்து மல்லுக்கட்டின மனிசன். இன்ஸ்டாக்ஸில அந்தக் கதவே இல்லை. அடியில இருக்கிற அந்தத் தடிச்ச வெள்ளைக் கரைக்குள்ள மருந்துப் பை கிடக்கு, தாள் வெளிய வரேக்க ரெண்டு உருளைக்கு நடுவில அது நசுங்கிப் படம் முழுக்கப் பரவும், அவ்வளவுதான், பிறகு நீங்கள் ஒண்டும் செய்ய ஏலாது. நெகடிவ் இல்லை, ரெண்டாம் பிரதி இல்லை. (தாளைப் பிடிச்சு ஆட்டாதேங்கோ தயவுசெய்து, ஆட்டினா கெதியா வராது, மருந்து பிசகத்தான் செய்யும்.)

இனி நான் இதை என்னத்துக்குப் பாவிக்கிறன் எண்டு சொல்லோணும், ஏனெண்டா எனக்கு இந்தக் கமரா பிடிச்சதே அதாலதான். ஒரு ஆளை எடுக்கேக்க ரெண்டு தாள் அமத்துவன், ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, ரெண்டும் ஒருநாளும் ஒரே மாதிரி வராது. ரெண்டையும் அவையின்ட கையிலயே குடுத்து விருப்பமானதை எடுங்கோ எண்டு சொல்லிடுவன், மிச்சம் எனக்கு. ஆகவே என்னட்ட இருக்கிற சேகரிப்பு முழுக்க அந்தந்த ஆக்கள் வேணாம் எண்டு விட்ட படங்கள். கரைவலை இழுக்கிற ஒரு ஐயா, அவரின்ட முகம் ஒரு படத்தில அப்பிடி ஒரு வெளிச்சத்தோட வந்திருந்துது, கன்னத்து வரி கூடத் தெளிவு, நான் மனசுக்குள்ள அவர் அதைத்தான் எடுக்கப்போறார் எண்டு கவலைப்பட்டுக்கொண்டு நிக்கிறன், அவர் ரெண்டையும் வெயிலுக்குத் தூக்கிப் பாத்திட்டு முகம் பாதி நிழலில கிடந்த மற்றதை எடுத்து சட்டைப் பையில வைச்சார். “இதிலதான் தம்பி வள்ளத்தின்ட பேர் முழுசாத் தெரியுது” எண்டார். கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்குப் போற பாதையில கச்சான் கடலை விக்கிற அம்மா ஒராள் தான் சிரிச்ச படத்தை விட்டிட்டு வேற எங்கயோ பாத்துக்கொண்டிருந்ததை எடுத்தா, கேட்டா பேத்தியின்ட கால் ஓரத்தில விழுந்திருக்காம். எது நல்ல படம் எண்டு நான் படிச்சு வைச்சதெல்லாம் அந்த இடத்தில செல்லுபடியாகாது, அவைக்கு வேற கணக்கு இருக்கு, அதைப் பாக்கக் கிடைக்கிறது இந்த ஊடகத்தில மட்டும்தான், ஏனெண்டா படம் அந்த இடத்திலயே, அந்த ஆளுக்கு முன்னாலயே பிறக்குது.

எங்கட பக்கத்தில இது வெறும் ரசனை விசயமும் இல்லை. இடம்பெயர்வில ஆல்பத்தை விட்டிட்டு ஓடின வீடுகள், 2004 சுனாமியில பெட்டியோட அள்ளிக் குடுத்த வீடுகள் எத்தினை. போனில எடுத்து அனுப்பிவிடுறன் எண்டு சொல்லுறதுக்கும் கையில ஒரு தாளைக் குடுக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வீடுகளுக்குள்ள போனாத்தான் தெரியும்.

இன்னொண்டு செய்து பாக்கலாம், ஓவியர் டேவிட் ஹொக்னி 1982இல போலரோயிட்டை வரிசை வரிசையா அடுக்கி ஒரே காட்சியைப் பல துண்டா எடுத்தவர், வெள்ளைக் கரைகளையும் வெட்டாம. வைட்டில அதை ஒரு பழைய வீட்டு விறாந்தையை வைச்சுச் செய்யலாம், ஆனா பர்ஸ் தாங்கோணும்.

காசுக் கதை கஸ்டமானது. ஒரு தரம் அமத்தினா ஒரு சோத்துப் பாசல் காசு போகுது, பெட்டியில பத்துத் தாள்தான். எனக்கு இங்க கடையில கிடைக்கிறேல்ல, கொழும்பில இருந்து எடுப்பிக்கிறன், இல்லாட்டி லண்டன், கனடாவில இருந்து வாற சொந்தக்காரரிட்டச் சொல்லி விடுறன். அப்பிடிச் சொல்லுறதெண்டா பெரிய சூட்கேசுக்குள்ள போட வேணாம் எண்டு கட்டாயம் சொல்லுங்கோ, அதுக்குப் பிடிக்கிற ஸ்கேனர் பிலிமைக் கெடுக்கும், கைப்பையில வைச்சு எயார்போட்டில கையால செக் பண்ணச் சொல்லிக் கேக்கோணும். வீட்டில பிரிட்ஜில வையுங்கோ, பிரீசரில வேணாம், எடுத்தா ஒரு மணித்தியாலமாவது பெட்டி உடைக்காமலே வெளிய விடுங்கோ, இல்லாட்டி எங்கட ஈரக் காத்துக்குத் தாளில வேர்த்திடும். வெளிய கொண்டுபோக நான் மீன்காரர் பாவிக்கிற ரெஜிபோம் பெட்டிதான், ஐஸ் போடாம. மோட்டச்சைக்கிள் சீட்டுக்குக் கீழ மட்டும் வைச்சிடாதேங்கோ.

2024இல வைட் 400 வந்திருக்கு, செல்ப் டைமர் குடுத்திருக்கினம், ஆனா அந்த வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற பட்டனை எடுத்திட்டினம். குடும்பப் படத்துக்கு அது போதும். மணலையும் கடலையும் எடுக்கிறவனுக்கு அந்தப் பட்டன் இல்லாம ஏலாது, அதால பழைய 300 நல்ல நிலையில கிடைச்சா அதையே எடுங்கோ. எடுக்கேக்க பின் கதவைத் திறந்து உருளை ரெண்டையும் பாருங்கோ, மருந்து காஞ்சு ஒட்டியிருந்தா ஒவ்வொரு படத்திலயும் அதே இடத்தில கறை விழும், ஈரத் துணியால துடைச்சா போகும், துடைச்சும் போகாட்டி விலையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கோ.