6.5 கிரீட்மூரா, .308 வின்செஸ்டரா?

அமெரிக்காவில் குறைந்த செலவில் ஆயிரம் கெஜ இலக்குத் துப்பாக்கி கட்டுபவர்கள் முதலில் தடுமாறுவது தோட்டா அளவில்தான். இரண்டுக்கும் தோட்டாவின் அடிப்பாகம் ஒரே அளவு, ஷார்ட் ஆக்ஷனும் (தோட்டாவை ஏற்றி வெளியேற்றும் குட்டையான இயக்கப் பகுதி) ஒன்றே. பின்னாளில் மனம் மாறினால் பேரல் (குழல்) மட்டும் மாற்றினால் போதும்.

பேரல் ஆயுள்: .308 சுமார் 5,000 சுடுகை, 6.5 ஏறக்குறைய அதில் பாதி.

உதைப்பு: 6.5-இல் குறைவு. குண்டு விழுவதை ஸ்கோப்பிலேயே பார்க்கலாம்.

காற்று: பக்கக்காற்றில் 6.5-இன் 140 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு, .308-இன் 168 கிரெயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே விலகும். 168 கிரெயின் ஆயிரம் கெஜத்தை நெருங்கும்போது ஒலிவேகத்துக்கு இறங்கித் தள்ளாடும். 175 கிரெயின் வாங்குங்கள்.

ஸ்கோப்: பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். ஆயிரம் கெஜத்துக்கு 6.5 ஏறத்தாழ 30 எம்ஓஏ (கோண அளவு; ஒரு எம்ஓஏ 100 கெஜத்தில் சுமார் ஒரு அங்குலம்), .308 ஏறத்தாழ 40 எம்ஓஏ உயர்த்தக் கேட்கும். மலிவான ஸ்கோப்பின் மொத்தத் திருப்பம் (மேலும் கீழும் சரிசெய்யக்கூடிய எல்லை) 60 என்றால், 100 கெஜத்தில் ஜீரோ செய்தபின் (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்தபின்) மேலே மிஞ்சுவது 30தான். ஸ்கோப்பைச் சாய்த்துத் தாங்கும் 20 எம்ஓஏ சரிவு ரெயில் போட்டால் 50 ஆகும். ரெயிலைத் திருப்பி மாட்டினால் இருப்பதும் 10 ஆகக் குறைந்துவிடும். உயரமான முனை பின்பக்கம் வரவேண்டும்.

600 கெஜத்துக்குள் நிறையச் சுட்டுப் பழக .308. ஆயிரத்தில் இலக்கைத் தொட வேண்டுமென்றால் 6.5.